பெடல் பக்கம்: செகண்டுக்கு ஆயிரம் வெள்ளி

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல சைக்கிளோட எடைய குறைக்கிறதப் பத்திதான். போனஸ் சீசன் போல. சிலதுக்கு நீட்டமா, சிலதுக்கு ஒரே வரியில பதில் சொல்லியிருக்கேன், கோச்சுக்காதீங்க.

அண்ணே, என்னோடது கார்பன் ஃப்ரேம், அல்டெக்ரா டிஐ2 எலக்ட்ரானிக் கியர், டிஸ்க் பிரேக், அலுமினியம் வீல். கடையில தொங்கவிட்டுப் பாத்தப்ப 8.1 கிலோ. 4,000 வெள்ளி எடுத்து வச்சிருக்கேன். 6.8க்குக் கொண்டு வந்துடலாமா? கூட ஓட்டுறவங்க அதுதான் ப்ரோ வெயிட்டுங்கிறாங்க. – தெம்பனிஸ் வாசகர்

கொண்டு வரலாம் தம்பி. ஆனா அந்த 8.1ல பெடல் இருந்துச்சா, பாட்டில் மாட்டுற கூடு இருந்துச்சான்னு முதல்ல கேளுங்க. கடைக்காரங்க எடை போடுறப்ப பெடலக் கழட்டிடுவாங்க, அது ஒரு வழக்கம். பொண்ணு பாக்க வர்றப்ப பக்கத்து வீட்டு சோபாவ இரவல் வாங்கிப் போடுற மாதிரி.

அப்புறம் இந்த 6.8. உலக சைக்கிள் சங்கமான யுசிஐ 2000ம் வருஷத்துல கொண்டு வந்த ரூல் இது. ரேஸ் பைக் இதுக்குக் கீழ போகக்கூடாது, ரொம்ப மெல்லிசா செஞ்சு உடைஞ்சு ஆள் விழுந்துடக் கூடாதுன்னு போட்ட கோடு. கீழ போகாதேன்னு போட்ட கோட்ட நம்ம ஆளுங்க இலட்சியமா எடுத்துக்கிட்டாங்க. இப்ப இருக்கிற கார்பனுக்கு அது கஷ்டமான எண்ணும் இல்ல, 2020ல ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியோட ஏத்தோஸ் பைக் வந்தப்ப அதோட டாப் மாடல் ஃப்ரேம் மட்டும் 585 கிராம்னு கம்பெனியே சொன்னுச்சு, அதையெல்லாம் பாத்துட்டுத்தான் நமக்கும் ஆசை வருது.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்க, பைக், தண்ணி எல்லாம் சேர்த்து 80 கிலோன்னு வச்சுக்குங்க, 200 வாட்ஸ் மிதிக்கிறீங்க. மவுண்ட் ஃபேபர் மாதிரி ஒரு 60 மீட்டர் உயரம் ஏறுறப்ப 1.3 கிலோ குறைஞ்சா எவ்ளோ நேரம் மிச்சம்? கிட்டத்தட்ட 4 செகண்ட். 4,000 வெள்ளிக்கு 4 செகண்ட், செகண்டுக்கு ஆயிரம் வெள்ளி! நம்ம தீவுல உசந்த குன்றான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான், அதுக்கு மேல ஏறணும்னா பாஸ்போர்ட் வேணும். இதே பைக்க மலேசியாவுல ஜென்டிங் மலைப் பக்கம் கொண்டு போய் 1,000 மீட்டர் ஏறுனீங்கன்னா ஒரு நிமிஷத்துக்கு மேல மிச்சமாகும், அங்க அது அர்த்தமுள்ள காசு. வருஷத்துல எத்தன தடவ போறீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்னு, நம்ம வெயிலுக்கு ரெண்டு பாட்டில் இல்லாம யாரும் கிளம்புறதில்ல, 750 மில்லி பாட்டில் ரெண்டு ரொப்புனா ஒன்றரை கிலோ, நீங்க 4,000 வெள்ளி போட்டுக் குறைச்சத கிச்சன் குழாயே திருப்பிக் குடுத்துடும்.

இதெல்லாம் சொன்னாலும் நீங்க கேக்கப் போறதில்ல, நானும் கேக்கல. அதனால செலவு பண்ற வரிசைய மட்டும் சரியா வச்சுக்குங்க. முதல் காசு டயருக்கும் ட்யூபுக்கும். பைக்கோட வந்த சாதா டயர எடுத்துட்டு கான்டினென்டல் ஜிபி5000 மாதிரி நல்ல டயர் போட்டா உருளுறப்பவே ரெண்டு டயருக்கும் சேர்த்து 10 வாட்ஸ் மிச்சமாகலாம், இது ஏத்தம் சமதளம் ரெண்டுலயும் கூடவே வரும். கறுப்பு பியூட்டைல் ட்யூப் ஒண்ணு 100 கிராம் சுமாருக்கு இருக்கும், டிபியுங்கிற மெல்லிசு பிளாஸ்டிக் ட்யூப் 35, 40 கிராம்தான். ரெண்டு மாத்துனா 120 கிராம் போச்சு, சில பத்து வெள்ளியோட முடிஞ்சுது. கிராமுக்கு இவ்ளோ சல்லிசா வேற எங்கயும் கிடைக்காது.

அடுத்தது வீல். அலுமினியம் வீல் 1,700 கிராம் சொச்சம் இருக்கும், கார்பன்ல 1,350 பக்கம் வந்துடலாம். ஆனா எடைய மட்டும் பாத்து ரொம்ப ஒல்லி ரிம்ம எடுத்துடாதீங்க. சாங்கி கோஸ்ட் ரோட்டுல 35 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப நீங்க போடுற வாட்ஸ்ல பெரும்பங்கு காத்தத் தள்ளத்தான் போகுது, அங்க 40, 50 மில்லி ஆழமான ரிம்தான் உதவும். சுத்துற எடை ரெண்டு மடங்குன்னு கடையில சொல்லுவாங்க, அது பிக்கப் எடுக்குற நேரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரே வேகத்துல போறப்ப கிராம் கிராம்தான்.

கேசட்டுல, அதான் பின் சக்கரத்துல இருக்கிற பல்சக்கர அடுக்குல, கை வைக்காதீங்க. 11-30 பல்லு கேசட்டுல அல்டெக்ரா 291 கிராம், அதுக்கு மேல் ரகமான டூரா-ஏஸ் 223. 68 கிராம் வித்தியாசத்துக்கு விலை ரெண்டு மடங்குக்கு மேல, அதுவும் டூரா-ஏஸ்ல பெரிய பல்சக்கரம் அஞ்சும் டைட்டானியம், ஸ்டீல விட சீக்கிரம் தேயும். எண்ணெய் சட்டி மாதிரி அடிக்கடி மாத்துற சாமான்ல தங்க முலாம் எதுக்கு? டயர், ட்யூப், வீல், மிஞ்சுனா சீட்டு, இதோட 7.4, 7.5க்கு வந்துடுவீங்க. அங்க நிறுத்திட்டு மிச்சக் காச ஒரு நல்ல பைக் ஃபிட்டுக்கு, அதான் உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி பைக்க சரி பண்றதுக்கு, குடுங்க.

வீட்டுக்காரர் வாங்குற வீல் எல்லாம் புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல கைமாறி வருது, கேட்டா பழசுதான், சும்மா குடுத்தாங்கங்கிறார். எப்படிக் கண்டுபிடிக்கிறது? – செங்காங் வாசகி

தங்கச்சி, காருக்கு மாதிரி சைக்கிளுக்கு சிஓஇ, அதான் காசு கட்டி வாங்குற உரிமைச் சீட்டு, இல்லங்கிறதே ஒரு ஆறுதல்தான். ரிம்ல கைய வச்சுப் பாருங்க, டயர்ல மெல்லிசா மீசை மாதிரி ரப்பர் முடி நீட்டிக்கிட்டிருந்தா அது ரோட்டப் பாக்காத டயர். இதுக்கு மேல சொன்னா சங்கத்துல என்னச் சேக்க மாட்டாங்க.

ஃப்ரேம் தனியா வாங்கி நானே பில்ட் பண்ணேன். ரெண்டே வாரத்துல அழுத்தி மிதிச்சா கரக் கரக்குன்னு சத்தம். பெடல் அச்சு சுத்துற பேரிங் ப்ரெஸ்-ஃபிட் பாட்டம் பிராக்கெட், அதத்தான் எல்லாரும் குத்தம் சொல்றாங்க. கழட்டிடவா? – ஜூரோங் வாசகர்

அதக் கடைசியாக் கழட்டுங்க. கார்பன் ஃப்ரேம் வீணை மாதிரி, ஒரு மூலையில எழும்புற சத்தம் இன்னொரு மூலையில கேக்கும். எழுந்து நின்னு மிதிங்க, சத்தம் நின்னா சீட்டு இல்ல சீட் போஸ்ட். அடுத்து பெடல் மரையில கிரீஸ் இருக்கான்னு பாருங்க, அப்புறம் பின் சக்கரத்து அச்சான த்ரூ ஆக்ஸில், அப்புறம் கியர் மாத்துற டீரெய்லர் தொங்குற அந்த ஹேங்கர் துண்டு. ஒவ்வொண்ணா கழட்டி, துடைச்சு, கிரீஸ் போட்டு, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் பிரிச்சு மாட்டுனா எது காரணம்னே தெரியாம போயிடும். எனக்கு ஒரு தடவ மூணு வாரம் ராவெல்லாம் தூக்கம் கெடுத்த சத்தம், கடைசியில பாத்தா பாட்டில் கூட்டோட ஸ்க்ரூ.

கார்பன் சீட் போஸ்டுக்கு மட்டும் கிரீஸ் வேணாம், வழுக்கி இறங்கும். அதுக்கு கார்பன் பேஸ்ட்டுன்னு தனியா இருக்கு, விரல்ல தேய்ச்சா ரவை மாதிரி நறநறன்னு இருக்கும், அந்த நறநறதான் பிடிச்சு நிறுத்துது, ஸ்க்ரூவையும் கம்மியா முடுக்குனா போதும்.

முடுக்குறதுன்னதும் சொல்லியே ஆகணும். எவ்ளோ அழுத்தி முடுக்குறோம்னு காட்டுற டார்க் ரெஞ்ச் இருக்கா உங்ககிட்ட? நூறு வெள்ளிக்குள்ளயே உருப்படியானது கிடைக்கும். என் முதல் பில்டுல 'கை சொல்லும்'னு நெனச்சு கிச்சன் தரையில உக்காந்து சாதா ஆலன் கீயில, ஹேண்டில்பாரப் பிடிக்கிற ஸ்டெம்ம முடுக்குனேன், ஸ்டெம்லயே 5 நியூட்டன் மீட்டர்னு பொடி எழுத்துல எழுதியிருந்துச்சு, படிச்சேன், படிச்சுட்டும் எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொரு கால் சுத்து. முறுக்கு கடிச்ச மாதிரி ஒரு சத்தம். வெளிய ஒண்ணுமே தெரியல. கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா ஃபோர்க் குழாயில தலைமுடி கணக்கா ஒரு கீறல். ஃபோர்க்க மாத்தித்தான் ஆகணும், வேற பேச்சே இல்ல, கார்பன் வளைஞ்சு எச்சரிக்க குடுக்காது, நேரா ஒடியும். அம்மா எட்டிப் பாத்து என்னடா உடைச்சன்னாங்க, ஒண்ணும் இல்லம்மான்னேன். அந்த ஒண்ணும் இல்லாததுக்கு அப்பவே அறுநூறு வெள்ளி.

புது கார்பன் வீல் ஹூக்லெஸ்ஸாம். நான் எப்பவும் காத்து 100 பிஎஸ்ஐ அடிச்சுத்தான் பழக்கம். அடிக்கலாமா? – ஈசூன் வாசகர்

கூடவே கூடாது. ஹூக்லெஸ் ரிம்ல டயரோட விளிம்பப் பிடிச்சு வைக்கிற கொக்கி கிடையாது, அதனால உச்சமே 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. அதுக்கு மேல அடிச்சா டயர் ரிம்ம விட்டுக் கழண்டு அடிக்கலாம். டயரும் ட்யூப்லெஸ் ரெடின்னு போட்டதா, வீல் கம்பெனி ஒத்துக்கிட்டதா இருக்கணும், உள்ள ட்யூப் போட்டு ஓட்டுனாலும் சரி. 70 கிலோ ஆளுக்கு 28 மில்லி டயர்ல 65 பக்கமே தாராளம், ரோடும் மெத்துன்னு இருக்கும். கல்லு மாதிரி அடிச்சாத்தான் வேகம்ங்கிறது 23 மில்லி டயர் காலத்து நம்பிக்கை. உங்க வெயிட்டு 90க்கு மேலன்னா ஹூக் இருக்கிற ரிம்மே வாங்கியிருக்கலாம்னு நான் சொல்லுவேன், ஆனா வாங்கிட்டீங்க, அப்ப 30, 32 டயர் போடுங்க.

கார்பன் துரு பிடிக்காதுல்ல? மழையில ஓட்டிட்டு அப்படியே ஹால்ல நிறுத்துனா என்ன? – உட்லண்ட்ஸ் வாசகர்

கார்பன் பிடிக்காது, கூட இருக்கிற எல்லாம் பிடிக்கும். மழைய விட மோசம் நம்ம வேர்வை. நெத்தியில இருந்து சொட்டுற உப்புத் தண்ணி நேரா ஹெட்செட் மேல்தான், அதான் ஹேண்டில் திரும்புற பேரிங் இருக்கிற எடத்துலதான், விழுது, வீட்டுக்குள்ள ட்ரெயினர்ல ஓட்டுறவங்களுக்கு இன்னும் மோசம். போன மாசம் ஒரு நண்பரோட பைக்க எங்க வீட்டுல பிரிச்சோம், வாங்கி ஒன்றரை வருஷம், வெளிய பளபளன்னு இருக்கு. ஹேண்டில்பார் டேப்ப உரிச்சா உள்ள அலுமினியம் கோலமாவு தூவுன மாதிரி வெள்ளையாப் பூத்துப் போய் நகத்தால சுரண்டுனாலே குழி விழுது. மேல் பேரிங்க எடுத்தா குண்டெல்லாம் செங்கல் நிறத்துல, சுத்தவே இல்ல.

இதுல என்ன கூத்துன்னா, இப்ப வர்ற டாப் பைக்ல பிரேக் ஹோஸ் எல்லாம் ஹெட்செட்டுக்கு உள்ளாற போகுது, பாக்க அழகு. ஆனா பல மாடல்ல இருபது, முப்பது வெள்ளி பேரிங்க மாத்த ஹோஸக் கழட்டி, திரும்பப் பிரேக்குக்கு எண்ணெய் விட்டு, காத்து எடுத்து, பாதி நாள் வேலை. அதனால பில்ட் பண்றப்பவே பேரிங்குக்கு சுத்தியும் கிரீஸ நல்லா அப்பிடுங்க, மிச்சம் பிடிக்காதீங்க. ஓட்டிட்டு வந்ததும் தண்ணியில நனைச்ச துணியால ஸ்டெம், டாப் ட்யூப், ஸ்க்ரூ தலையெல்லாம் துடைங்க, பிரஷர் வாஷர் மட்டும் வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவயாவது டேப்ப உரிச்சுப் பாருங்க.

எம்ஆர்டியில ரோட் பைக் ஏத்தலாமா? குரூப்பா எத்தன பேர் போகலாம்? – பாசிர் ரிஸ் வாசகர்

ஏத்த முடியாது, மடக்குற சைக்கிள் மட்டும்தான். ரோட்டுல 2022 ஜனவரியில இருந்து ஒத்த வரிசைன்னா அஞ்சு பேர், ஜோடியாப் போனா பத்து பேர். ரோட்டுக்கு ஹெல்மெட் கட்டாயம், இத இன்னும் கேக்கிறாங்க பாருங்க.

புது பைக்க வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அப்பா சுத்திச் சுத்திப் பாத்துட்டு, ஸ்டாண்டு எங்கன்னு கேட்டார். ஸ்டாண்டு கூட இல்லாத சைக்கிளுக்கு ஏழாயிரம் வெள்ளியான்னு அன்னிக்குப் பூரா பேச்சு. ஒரு ஸ்டாண்டு மாட்டிட்டா என்ன? – புக்கிட் பாத்தோக் வாசகர்

மாட்டாதீங்க தம்பி. ஸ்டாண்டோட கிளாம்பு பின் ஃபோர்க் குழாயக் கவ்விப் பிடிக்கும், அந்த எடத்துல கார்பன் மெல்லிசு, நசுங்கிடும். சுவத்துல சாய்க்கிறப்ப பின் சக்கரமும் சீட்டும் மட்டும் படுற மாதிரி, செயின் இருக்கிற பக்கம் வெளிய தெரியுற மாதிரி சாய்ங்க, முன் சக்கரம் உருளாது. வீட்டுல பின் சக்கரத்தத் தூக்கிப் பிடிக்கிற தரை ஸ்டாண்டு ஒண்ணு வாங்கி வைங்க, நாப்பது வெள்ளி இருக்கும். வாங்கிட்டு வந்ததும் அப்பாகிட்ட முதல்ல அதக் காட்டுங்க.