காஷ்மீரில் 59 லட்சம் டன் லித்தியம் கிடைத்தது என்றார்களே, ஏன் இன்னும் தோண்டவில்லை?

கிடைத்தது 59 லட்சம் டன் லித்தியம் அல்ல, அவ்வளவு எடையுள்ள பாக்சைட் என்ற அலுமினியத் தாதுப் பாறை. அது முழுவதிலும் சேர்த்து இருக்கும் லித்தியம் 3,400 டன்னுக்குச் சற்று மேல் என்று பின்னர் வந்த ஏல ஆவணமே சொன்னது. ஒரு மின்காரின் பேட்டரிக்கு 8 கிலோ என்று வைத்தால், ஒரு கிராம்கூட வீணாகாமல் எடுத்தாலும் நாலேகால் லட்சம் கார்களுக்கு வரும். அவ்வளவுதான்.

2023 பிப்ரவரியில் ரியாசி மாவட்டத்துச் சலால்–ஹைமனா பற்றிய அறிவிப்பு வந்ததும், சிலி நாட்டின் 90 லட்சத்துச் சொச்சம் டன்னோடு இதை ஒப்பிட்டுப் பலர் எழுதினார்கள். சிலியின் எண் லித்தியத்தின் எடை. நம்முடையது பாறையின் எடை. கரும்பு டன்னையும் சர்க்கரை டன்னையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கதை. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைக் குறை சொல்ல மாட்டேன். 'அனுமானிக்கப்பட்ட வளம், ஜி3' என்று தெளிவாகவே அறிவித்தது. தலைப்புச் செய்தியில் அந்த இரண்டு சொற்களும் உதிர்ந்துவிட்டன. 'வளம்' என்று எழுத வேண்டிய இடத்தில் நம் பத்திரிகைகள் 'இருப்பு' என்று வேறு எழுதின. தோண்டினால் லாபம் என்று நிரூபணமான பிறகுதான் வளத்துக்கு இருப்பு என்று பெயர்.

ஜி என்ற எழுத்தோடு வரும் எண், ஆய்வு எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்வது. ஜி4 என்றால் வேவு பார்த்திருக்கிறார்கள். ஜி3 என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளையிட்டு, இடைப்பட்டதை ஊகித்திருக்கிறார்கள். ஜி2, ஜி1 என்று போகப் போகத் துளைகள் நெருங்கும், ஊகம் குறையும். துளைக்குத் துளை இருக்கும் இடைவெளியில்தான் புவியியலாளர்களான எங்கள் தொழிலின் நிம்மதியும் தூக்கமின்மையும் இருக்கின்றன.

துளையே பொய் சொல்வதும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராபைட் ஆய்வு முகாமில் கோர் பதிவு செய்துகொண்டிருந்தேன். கோர் என்பது துளைக்குழாயில் ஏறி வரும் பாறை உருளை. ஒன்றரை மீட்டர் துளைத்தால் ஒன்றரை மீட்டர் உருளை வர வேண்டும். அன்று ஒரு மீட்டர்தான் வந்தது. நைஸ் (gneiss) என்ற கெட்டியான பாறை, சுமாரான கிராபைட். பெட்டியில் ஆழம் எழுதிய மரக்கட்டையைச் செருகிவிட்டு, காணாமல் போன அரை மீட்டரும் அப்படித்தான் இருக்கும் என்று குறித்தேன். மூத்த புவியியலாளர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. "வெளியே வந்த தண்ணீர் என்ன நிறம்?" என்றார். மையாகக் கறுத்திருந்தது. கிராபைட் மிருதுவானது, செழிப்பான பகுதி முழுவதும் துளைநீரோடு தூளாக ஓடைக்குப் போயிருந்தது. நான் பதிவு செய்தது மிச்சத்தை. பக்கத்தில் இன்னொரு துளை போட வேண்டியதாயிற்று.

ரியாசிக்கு வருவோம். 59 லட்சம் டன்னில் 3,400 டன் என்றால் 0.06 சதவீதத்துக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கத்துத் தாதில் இதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் லித்தியம் இருக்கிறது. அங்கே அது ஸ்போடுமீன் என்ற படிகக் கனிமத்தில் அடங்கியிருக்கிறது. பிரித்தெடுக்கும் முறை பல பத்தாண்டுகளாகப் பழகியது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உப்புநீரை இறைத்து வெயிலில் காய வைக்கிறார்கள், ஏறக்குறைய நம் உப்பளம் போலத்தான். பாக்சைட்டிலும் களிமண்ணிலும் மாட்டிக்கொண்ட லித்தியத்தை லாபத்துக்கு எடுக்க அப்படிப் பழகிய வழி இல்லை. போதாக்குறைக்கு, இடம் நிலநடுக்கம் மிகுந்த இமயமலை அடிவாரம். செனாப் ஆறும் சலால் அணையும் பக்கத்திலேயே.

இதெல்லாம் பணம் போடுகிறவர்களுக்குத் தெரியாதா? 2023 நவம்பரில் ஏலத்துக்கு விட்டார்கள். தகுதியுள்ள மூன்று பேர்கூடத் தேறாததால் 2024 மார்ச்சில் ரத்தானது. மறுபடி அழைத்தும் விலைபோகவில்லை.

ஆகவே, யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்திருந்தால், இல்லை. நெருக்கமாகத் துளையிட்டு, ஒரு சில டன் பாறையை ஆலைச் சோதனைக்கு அனுப்பி, நூற்றுக்கு எத்தனை பங்கு லித்தியம் கைக்கு வருகிறது என்று பார்த்தாக வேண்டும். அந்த எண் வரும்வரை அது சுரங்கம் அல்ல, மலை.