ரிஸி மலை ஒரே நாள்ல ஏறி இறங்குறது பத்தி கேள்வி பதில்

போலந்துல தத்ரா மலையில இருக்கிற ரிஸிக்கு இதுவரை நாலு தடவை கிளம்பியிருக்கேன், மூணு தடவை உச்சி தொட்டேன், ஒரு தடவை பாதியில திரும்பிட்டேன். கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன்.

அக்கா, மொத்தம் எவ்ளோ தூரம், எத்தனை மணி நேரம் ஆகும்?

பலேனிட்சாங்கிற பார்க்கிங்ல இருந்து மோர்ஸ்கியே ஓகோ ஏரி வரைக்கும் எட்டு ஒன்பது கிலோமீட்டர் தார் ரோடுதான், ரெண்டு மணி நேரத்துக்கு மேல நடக்கணும். அந்த ஏரி 1395 மீட்டர்ல இருக்கு. ஏரியைச் சுத்திப் போய் ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறினா 1583 மீட்டர்ல சார்னி ஸ்தாவ், கருப்பு ஏரின்னு அர்த்தம். உச்சி 2499 மீட்டர், அதாவது ரெண்டாவது ஏரியில இருந்து 900 மீட்டருக்கு மேல, நடுவுல சமதளம்னு சொல்ற மாதிரி பெருசா எதுவும் இல்லாம ஏறிக்கிட்டே இருக்கணும். கீழ் ஏரியில இருந்து உச்சிக்கு நாலு மணி நேரம், இறங்க மூணு மணி நேரத்துக்கு மேலன்னு வச்சுக்கோங்க. ரோட்டையும் சேர்த்தா ஓய்வோட 11, 12 மணி நேரம் ஆயிடும். விடியக்காலையிலயே நடக்க ஆரம்பிச்சிடுங்க. மோர்ஸ்கியே ஓகோ கரையில தங்குற விடுதி இருக்கு, முந்தின ராத்திரி அங்க படுத்தா காலையில அந்த தார் ரோட்டுல நடக்க வேண்டியதில்ல, ஆனா ரொம்ப முன்னாடியே புக் பண்ணணும். பார்க்கிங்கும் ஆன்லைன்ல முன்கூட்டியே எடுத்துடுங்க, இல்லன்னா பக்கத்து ஊரான ஸாகோபானேல இருந்து பஸ் இருக்கு.

எங்க திரும்பினீங்க, ஏன்?

சார்னி ஸ்தாவ் கரையில. மணி பத்தரை ஆயிடுச்சு, கூட வந்தவங்களுக்கு மூச்சு வாங்குது, மதியத்துக்கு மேல இடின்னு வானிலை அறிக்கை வேற. உச்சி அங்க இருந்து பக்கத்துல இருக்கிற மாதிரியே தெரியும், அதான் ஏமாத்துற விஷயம், அது இன்னும் மூணு மணி நேரம். முடிவு எடுக்கிற இடம் அந்தக் கரைதான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஏன்னா அதுவரைக்கும் கல்லு படி, யார் வேணா இறங்கிடலாம். மேல பிடிச்சு ஏற பாறையில அடிச்சிருக்கிற செயின் ஏறினதுக்கு அப்புறம் திரும்பணும்னா களைச்ச காலோட, மேல வர்ற கூட்டத்துக்கு எதிரா, ஏறினதை விட கஷ்டமான விஷயமான இறங்குறதை செய்யணும். ஒன்பது மணிக்கு அந்தக் கரையில இருந்தா மேல போங்க, பத்தரைன்னா ஏரியைப் பார்த்துட்டு வாங்க, அந்தத் தண்ணியோட கருப்பு நிறத்துக்கே அவ்ளோ தூரம் நடக்கலாம்.

செயின்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க, எப்படி இருக்கும்?

பூலாங்கிற ஒரு மேடு வரும், கிட்டத்தட்ட 2050 மீட்டர்ல. அதுக்கு மேலதான் செயின் ஆரம்பம். பாறையில அடிச்ச இரும்பு வளையத்துல கட்டை விரல் தடிமன்ல சங்கிலி. பாறை கிரானைட், காஞ்சிருந்தா ஷூ நல்லா ஒட்டும், ஆனா வருஷக்கணக்கா லட்சக்கணக்கான கால் பட்டு சில படிங்க கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஆயிடுச்சு, ஈரமா இருந்தா அதுல கால் நிக்காது. காலையில சங்கிலி ஜில்லுன்னு கையைக் கடிக்கும், மெல்லிசா ஒரு கையுறை கொண்டு போங்க. புதுசா வர்றவங்க பண்ற தப்பு சங்கிலியில மொத்த உடம்பையும் தொங்க விடுறது, பத்து நிமிஷத்துல கை செத்துடும். காலுக்கு இடம் பார்த்து கால்லதான் ஏறணும், சங்கிலி பேலன்ஸுக்கு. ரெண்டு வளையத்துக்கு நடுவுல ஒரு நேரத்துல ஒரு ஆள்தான், முன்னாடி போறவர் அடுத்த வளையம் தாண்டுற வரைக்கும் தொடாதீங்க, அவர் இழுத்தா நீங்க ஆடுவீங்க. ஹெல்மெட் கட்டாயம் போடுங்க, மேல இருக்கிறவங்க கால் பட்டு கல்லு உருண்டு வரும், நான் கண்ணால பார்த்திருக்கேன்.

எந்த மாசம் போறது நல்லது? மே மாசம் லீவு இருக்கு.

மே வேண்டாங்க. கீழ பூ பூத்திருக்கும், மேல சரிவு முழுக்க பனி கெட்டியா கிடக்கும், ஜூன் கடைசி வரைக்கும் கூட சில வருஷம் இருக்கும். ஐஸ் ஆக்ஸ்ங்கிற பனிக்கோடாலி, ஷூவுல மாட்டுற இரும்பு முள்ளான கிராம்பான் வாங்கிட்டா போதும்னு நினைக்கிறாங்க, சறுக்கினா ஆக்ஸை வச்சு நிறுத்தப் பழகலைன்னா அது வெறும் சுமை. 2003 ஜனவரி 28 அன்னிக்கு இதே சரிவுல பனிச்சரிவு வந்து 8 பேர் இறந்துட்டாங்க. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்தான் என் கணக்குல சரி, பாறை காஞ்சிருக்கும், ஆனா செப்டம்பர்ல சீக்கிரம் இருட்டும், ஹெட்லேம்ப் எடுத்துக்கோங்க.

இடி மின்னல் வந்தா செயின் பக்கத்துல என்ன பண்றது?

அந்த நிலைமைக்கே போகக்கூடாது. 2019 ஆகஸ்ட் 22 அன்னிக்கு இதே தத்ராவுல கியேவோன்ட் மலையில மின்னல் விழுந்து போலந்து பக்கம் 4 பேர் போயிட்டாங்க, நூத்துக்கும் மேல காயம், அங்கயும் உச்சிப் பக்கம் செயின்தான், மேல பெரிய இரும்பு சிலுவை வேற. கோடையில மேகம் பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் திரளும், அதனாலதான் விடியக்காலை கிளம்பச் சொல்றேன். தூரத்துல ஒரு உறுமல் கேட்டாலும் உச்சியை விட்டுட்டு இறங்குங்க, இரும்பை விட்டு எவ்ளோ சீக்கிரம் விலக முடியுமோ அவ்ளோ நல்லது.

மேல ஆக்சிஜன் கம்மியா இருக்குமா?

2500 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்கு இருக்கும். ஒரு நாள்ல போயிட்டு வர்றவங்களுக்கு பொதுவா பெருசா தெரியாது. உங்களை மூச்சு வாங்க வைக்கிறது சரிவுதான்.

அக்கா எனக்கு முட்டி வலி உண்டு, முடியுமா?

ஏறும்போது தெரியாதுப்பா, 1500 மீட்டர் இறங்கும்போதுதான் முட்டி பேசும். ட்ரெக்கிங் போல்ங்கிற ஊன்றுகோல் ரெண்டும் கொண்டு போங்க, ஆனா செயினுக்கு முன்னாடி மடிச்சு பையில வச்சிடணும், மணிக்கட்டுல தொங்க விட்டா பாறையில மாட்டும். கடைசியில அந்த தார் ரோடு இருக்கே, முட்டிக்கு அதுதான் பெரிய சோதனை. நான் போனப்போ குதிரை வண்டி இருந்துச்சு, ஆனா நான் நடந்துதான் வருவேன், குதிரைங்களைப் பார்க்க மனசு வராது.

ஏரியில குளிக்கலாமா?

கூடாது. தேசியப் பூங்கா, தண்ணியில இறங்க அனுமதி இல்லை, நாய் கூட்டிட்டுப் போகவும் ட்ரோன் விடவும் முடியாது. குடிக்கிற தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டராவது கொண்டு போங்க.

ஸ்லோவாக்கியா பக்கம் ஈஸின்னு சொல்றாங்களே?

ஆமா, செங்குத்து கம்மி, கொஞ்ச தூரம்தான் இரும்புப் படியும் சங்கிலியும், 2250 மீட்டர்ல ஒரு விடுதியும் உண்டு, அங்க சாமான் எல்லாம் ஆளுங்க முதுகுல சுமந்துதான் ஏத்துறாங்க. ஆனா நவம்பர் 1ல இருந்து கோடை ஆரம்பம் வரைக்கும் அந்தப் பாதையை மூடிடுவாங்க. இன்னொண்ணு, போலந்து மலை மீட்புக் குழு டோப்ர் காசு வாங்க மாட்டாங்க, ஸ்லோவாக்கியாவுல மீட்புக்கு பில் வரும், அதனால மலைக்கான இன்சூரன்ஸ் எடுத்துட்டு, பாஸ்போர்ட்டோ ஐடியோ பையில வச்சுக்கோங்க, உச்சியே எல்லைக்கோடு. ரெண்டு பக்கமும் அவசரத்துக்கு 112.

எட்டு வயசு பையனை கூட்டிட்டுப் போகலாமா?

சார்னி ஸ்தாவ் வரைக்கும் தாராளமா. மேல வேண்டாம், அவன் கைக்கு எட்டுற தூரத்துல வளையம் இருக்காது.

உச்சியில என்ன தெரியும்? எவ்ளோ நேரம் இருக்கலாம்?

இடம் சின்னது, சனி ஞாயிறுன்னா உட்காரவே எடம் கிடைக்காது. மூணு முகடு இருக்கு, நடுவுல இருக்கிறது சில மீட்டர் உசரம் கூட, அது ஸ்லோவாக்கியாவோடது. 1899ல மேரி கியூரியும் அவங்க வீட்டுக்காரரும் இங்க ஏறியிருக்காங்க, அதை நினைச்சாலே எனக்கு சிலிர்க்கும். கீழ எட்டிப் பார்த்தா ரெண்டு ஏரியும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா தெரியும், மேல இருக்கிறது மை கொட்டின மாதிரி, கீழ இருக்கிறது பச்சை, அது கரையில இருக்கிற விடுதி கூரை நகம் சைஸுக்கு இருக்கும். இருபது நிமிஷம் இருங்க, ஸ்வெட்டர் போட்டுக்கோங்க, வேர்வை காஞ்சதும் நடுங்க ஆரம்பிச்சிடும், ஏதாவது சாப்பிட்டுட்டு கால்ல பலம் இருக்கும்போதே கிளம்பிடுங்க.