அயல் வீட்டுத் தொல்லையும் கவுன்சிலும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வணக்கம். இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளூராட்சி) வீடுகளிலும், ஹவுசிங் அசோசியேஷன் என்கிற இலாப நோக்கற்ற அமைப்புகளின் வாடகை வீடுகளிலும் 17 வருடம் ஹவுசிங் ஆபிசராக இருந்தேன். பெரும்பாலும் 'ஏ.எஸ்.பி.' என்று சொல்கிற அயலவர் தொல்லைப் புகார்களைத்தான் பார்த்தேன். கீழே சொல்வது இங்கிலாந்துச் சட்டம். ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறு.

அக்கா, மேல் பிளாட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். காலை ஆறு மணிக்கே ஓட்டம் தொடங்கிவிடும். இரண்டு தரம் எழுதிக் கொடுத்தும் கவுன்சில் ஒன்றும் செய்யவில்லை.

தம்பி, பிள்ளைகள் ஓடுவதைக் குற்றமாக்க முடியாது. லண்டனின் சதர்க் கவுன்சில் சம்பந்தப்பட்ட மில்ஸ் வழக்கில் 1999இல் வந்த தீர்ப்பு இதைத்தான் சொல்கிறது: சுவர் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், வழக்கமாகப் புழங்குவதால் வரும் சத்தம் சட்டப்படி தொல்லை ஆகாது.

அதற்காகச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. 2022 ஒக்டோபரில் ஹவுசிங் ஒம்புட்ஸ்மன், அதாவது இப்படியான வாடகை வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் அமைப்பு, சத்தப் புகார்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அன்றாடச் சத்தத்தை ஏ.எஸ்.பி. கேஸாக நடத்தாமல் அதற்கென்று தனி வழி வையுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் (வாடகைக்கு விடும் கவுன்சில், அசோசியேஷன்களிடம்) அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே புகாரை மாற்றி எழுதுங்கள். மேல் வீட்டில் காப்பெட் இருக்கிறதா, லமினேட் பலகைத் தரை என்றால் அனுமதி வாங்கிப் போட்டார்களா என்று கேளுங்கள். எட்டு மாதம் இழுபட்ட ஒரு கேஸ், வோஷிங் மெஷினுக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்புப் போட்டதும் முடிந்ததை நானே பார்த்தேன்.

டயறி எழுது, டயறி எழுது என்கிறார்கள். எழுதி என்ன பிரயோசனம்?

நிறைய. 'இரவு முழுக்கத் தாங்க முடியாத சத்தம்' என்று மட்டும் எழுதினால் நீதிபதிக்கு அது ஒன்றும் சொல்லாது. ஓய்வுபெற்ற ஓர் அம்மா கலண்டர் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: 'செவ்வாய். 12.40. பாட்டு. குசினித் தட்டில் கிளாஸ்கள் நடுங்கின. 2.15க்கு நின்றது. காலையில் ஊசி போட எழும்ப முடியவில்லை.' என்ன சத்தம், எவ்வளவு நேரம், அவரை என்ன செய்தது, எல்லாம் அதில் இருந்தது. அப்படி ஆறு வாரம். தொல்லையை நிறுத்தச் சொல்லி நீதிமன்றத் தடையுத்தரவு வாங்க எங்களுக்கு வேறு பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை.

அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு கேள்வியில் அதை உடைத்துவிடுவார்.

இவ்வளவு செய்கிறவர்களை ஏன் உடனே வெளியேற்றுவதில்லை?

வீட்டுக்காரர் கவுன்சிலே ஆனாலும் நீதிமன்றம் போகாமல் யாரையும் வெளியேற்ற முடியாது, தங்கச்சி. முதலில் பேச்சு, எச்சரிக்கைக் கடிதம், மத்தியஸ்தம். பிறகு நடத்தை ஒப்பந்தம், அதாவது இனி இப்படி நடக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைப்பது. லண்டனின் இஸ்லிங்டனில் 1999இல் தொடங்கிய முறை அது, கையெழுத்துக்குச் சட்ட பலம் இல்லை என்றாலும் இளைஞர்களிடம் நன்றாக வேலை செய்யும். அதற்கும் மேலே 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி தடையுத்தரவு. பத்து வயது ஆன பிள்ளைமேல்கூட அதைக் கேட்கலாம். பெரியவர் மீறினால் இரண்டு வருடம் வரை சிறை.

வீட்டைத் திருப்பிக் கேட்கும் வழக்கில், வெளியேற்றுவது நியாயம்தானா என்று நீதிபதி சாதாரணமாக எடைபோட வேண்டும். பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், தடையுத்தரவை மீறியது நிரூபணமானவர் போன்றோருக்கு அந்தச் சலுகை இல்லை. புதிதாக வந்தவரைச் சோதித்துப் பார்க்கும் முதல் வருடப் பரீட்சார்த்தக் குடியிருப்பில் இருப்பவரையும் எளிதாக வெளியேற்றலாம்.

போதைப்பொருள் விற்கும் வீட்டைப் பூட்டும் உத்தரவு வேண்டியதுதான். இரவெல்லாம் கதவு தட்டுப்படுகிற மாடியில் பிள்ளை வளர்க்க முடியாது. மூன்று மாதம் வரை பூட்டலாம், நீடித்தால் மொத்தம் ஆறு மாதம். ஆனால் மற்றக் கேஸ்களில் வெளியேற்றம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பேன். ஒருநாள் காலை, வெளியேற்றும் நீதிமன்ற அலுவலரான பெய்லிஃப் வந்தபோது படிக்கட்டில் இரண்டு ஸ்கூல் பைகள் கிடந்தன, ஒன்றுக்குள் அன்றைய சாப்பாட்டுப் பெட்டி. தொல்லை கொடுத்தது தகப்பன். அப்படி வெளியேறும் குடும்பத்தை 'வேண்டுமென்றே வீடிழந்தவர்கள்' என்று முடிவு செய்யலாம். பிறகு அவர்களுக்கு நிரந்தர வீடு கொடுக்கும் கடமை கவுன்சிலுக்கு இல்லை.

சாட்சி சொன்னால் அடிப்பார்களோ என்று பயம்.

பயம் நியாயமானது. இவை சிவில் வழக்குகள், ஆகவே நீங்கள் சொன்னதை ஆபிசரே பெயர் வெளியிடாமல் நீதிமன்றத்தில் சொல்லலாம். நேரில் சொல்லும் சாட்சியம் அளவுக்கு அதற்குப் பெறுமதி இருக்காது, ஆனாலும் எடுத்துக்கொள்வார்கள். மிரட்டினால் உடனே பொலிஸ்.

பக்கத்து வீட்டுக்காரர் நள்ளிரவில் கத்துகிறார். மனநோய் என்கிறார்கள். அவர்மேல் புகார் கொடுப்பது பாவமா?

இல்லை. புகார் வந்தால்தான் உதவியே போகும். நோயால் வந்த நடத்தைக்காக வெளியேற்ற நினைத்தால், அதைவிடக் குறைந்த வழி இருக்கவில்லையா என்று 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் கேட்கும். அதனால் 'மருந்து நின்றுவிட்டது போலத் தெரிகிறது, யாராவது போய்ப் பாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

அக்கா, எங்களுக்கே நோட்டீஸ் வந்திருக்கிறது. மகனின் சிநேகிதர்கள் படிக்கட்டில் கூடுகிறார்கள் என்று.

பிரிக்காமல் வைக்காதீர்கள். வீட்டில் இருப்பவர், வந்து போகிறவர் செய்வதற்கும் வாடகைக்காரர்தான் பொறுப்பு. முதல் வருடக் குடியிருப்பு என்றால் மறுபரிசீலனை கேட்க 14 நாள்தான். இந்த வாரமே சட்ட உதவி தேடுங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு ஆபிசரைப் போய்ப் பாருங்கள். திருந்துகிற குடும்பத்துக்கு நிபந்தனையோடு நிறுத்திவைத்த வெளியேற்ற உத்தரவு கொடுக்கும் நீதிபதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதத்தில் நான்கு புகார். பதிலே இல்லை.

அப்படியானால் 'ஏ.எஸ்.பி. கேஸ் ரிவியூ' கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் மூன்று புகார் இருந்தாலே போதும், கவுன்சிலும் பொலிஸும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூடவே வீட்டுக்காரருக்கு முறைப்பாடு போடுங்கள். முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலை நாள், இரண்டாம் கட்டத்துக்கு 20. அதன்பிறகும் சரிவராவிட்டால் ஒம்புட்ஸ்மன். போகும்போது டயறியின் பிரதியை வைத்துக்கொண்டு போங்கள்.