தனிமங்கள் சேரும்போது என்ன நடக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: சோடியம் தண்ணீர் பட்டாலே கொந்தளிக்கிறது, குளோரின் நச்சுவாயு. இரண்டும் சேர்ந்தால் உப்பு. அந்த நஞ்சு எங்கே போகிறது ஐயா?

பதில்: நஞ்சு குளோரின் அணுவோடு ஒட்டிப் பிறந்த குணம் அல்ல. அதன் எலக்ட்ரான் அமைப்பிலிருந்து வருவது. குளோரினின் 17 எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றி அடுத்தடுத்த கூடுகளில் 2, 8, 7 என்று அமைந்திருக்கின்றன. வெளிக்கூடு நிரம்ப ஒன்று குறைகிறது. அதைப் பறிக்கத்தான் அந்த வாயு எதிர்ப்பட்டதையெல்லாம், நம் நுரையீரலையும், தாக்குகிறது. சோடியத்துக்கோ 2, 8, 1. கடைசி எலக்ட்ரானை எளிதில் விட்டுவிடும். அது கைமாறியதும் இரண்டும் மின்னூட்டம் பெற்ற அயனிகள்: சோடியம் நேர் அயனி, குளோரின் எதிர் அயனி. ஒன்றையொன்று இழுத்து, வரிசையாக அடுக்கி நின்றால் உப்புப் படிகம். அதற்குள் உலோகமும் கிடையாது, வாயுவும் கிடையாது.

கேள்வி: கலவைக்கும் சேர்மத்துக்கும் என்ன வேறுபாடு? தேர்வுக்குச் சுருக்கமாக வேண்டும்.

பதில்: கலவையை எந்த அளவில் வேண்டுமானாலும் கலக்கலாம், பொருள்களின் குணம் மாறாது. சேர்மத்தில் விகிதம் நிலையானது, குணம் புதியது. இரும்புத்தூளையும் கந்தகத்தையும் கலந்து வைத்தால் காந்தத்தால் இரும்பைப் பிரித்துவிடலாம். சூடாக்கினால் 7 கிராம் இரும்பு 4 கிராம் கந்தகத்தோடு சேர்ந்து 11 கிராம் இரும்பு சல்ஃபைடு ஆகும். 8 கிராம் இரும்பு போட்டால் 1 கிராம் மிஞ்சும். ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் செய்து பாருங்கள்.

கேள்வி: அது ஏன் சரியாக 7க்கு 4?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! இரும்பு அணுவின் நிறை சுமார் 56, கந்தகத்தினுடையது 32. ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தால் 56க்கு 32, அதாவது 7க்கு 4. ஆனால் வரலாறு நடந்தது தலைகீழாக. அணுவை யாரும் பார்த்திராத காலத்தில், தராசு காட்டிய இந்த விகிதங்களிலிருந்துதான் அணு உண்டு என்று ஊகித்தார்கள். ஒரு சேர்மத்தை எப்படித் தயாரித்தாலும் அதன் விகிதம் மாறாது என்று பிரான்சின் புரூஸ்ட் காட்டினார். இங்கிலாந்தின் டால்டன் அதற்கு அணுவைக் கொண்டு விளக்கம் சொன்னார். 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 32 கிராமோடு சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு. சரியாக இரண்டு மடங்கு. இடையில் 20 இல்லை, 27 இல்லை. முழு அணுக்களாகத்தான் சேர முடியும் என்றால் இப்படித்தானே இருக்க வேண்டும்!

அதே டால்டன் தண்ணீரில் தவறினார். ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று எடுத்துக்கொண்டார். ஹைட்ரஜன் இரண்டு பங்கு கன அளவும் ஆக்சிஜன் ஒரு பங்கும் சேர்கின்றன என்று கே-லுசாக் அளந்து சொல்லியும் டால்டன் ஏற்கவில்லை. 1811இல் அவகாட்ரோ இந்தச் சிக்கலை அவிழ்த்தார். 1860இல் கார்ல்ஸ்ருவே மாநாட்டில் கன்னிசாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது.

கேள்வி: மெழுகுவர்த்தி எரிந்தால் நிறை அழிந்துவிடுகிறதே?

பதில்: அழியவில்லை. கார்பன் டைஆக்சைடாகவும் நீராவியாகவும் காற்றில் கலக்கிறது. இரண்டையும் பிடித்து எடைபோட்டால் மெழுகின் எடையைவிட அதிகமாகவே இருக்கும், ஆக்சிஜன் சேர்ந்திருப்பதால்.

கேள்வி: அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவரும் என்று படித்தேன். சரிதானா?

பதில்: இல்லை. பலரும் இப்படித்தான் தவறாக மனப்பாடம் செய்கிறார்கள். உடைக்க ஆற்றல் செலவாகும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். 2 மோல் (மோல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) ஹைட்ரஜனையும் 1 மோல் ஆக்சிஜனையும் அணுக்களாகப் பிரிக்கச் சுமார் 1370 கிலோஜூல் தேவை. அவை நீராவியாகச் சேரும்போது சுமார் 1850 கிலோஜூல் கிடைக்கிறது. மிச்சம்தான் வெப்பம். முதல் செலவுக்குத்தான் தீப்பொறி வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஹீலியம், நியான், செனான் போன்ற மந்த வாயுக்கள் எதனோடும் சேராதா?

பதில்: அப்படித்தான் நம்பினார்கள். 1962இல் நீல் பார்ட்லெட் செனானிலிருந்து ஒரு சேர்மத்தைத் தயாரித்துவிட்டார். ஹீலியமும் நியானும் இன்னும் பிடிவாதம்தான்.

கேள்வி: தேர்வுக்குக் கேட்டவன்தான் ஐயா. ஆய்வகத்தில் செய்து பார்த்தோம். சூடாக்கிய பிறகும் காந்தம் கட்டியை இழுத்தது!

பதில்: நல்ல கவனிப்பு, தம்பி. கட்டிக்குள் வினைபுரியாத இரும்பு மாட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தூள்களையும் இன்னும் நுண்ணியதாக அரைத்து, 7க்கு 4 அளவைச் சரிபார்த்து, நன்றாகக் கலந்து மறுபடி செய்யுங்கள். சூட்டில் கொஞ்சம் கந்தகம் ஆவியாகிப் போயிருக்கவும் கூடும். எனவே இம்முறை கந்தகத்தைச் சற்றுக் கூடுதலாகவே போடுங்கள்.