நான்காம் நாளுக்கான ஏற்பாடு

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் வேளச்சேரியில் ஒரு அடுக்ககத்தின் முதல் மாடியில் குடியிருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நான்கு நாட்கள் வடியாமல் நின்றது. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லை. குடிதண்ணீர் கேன் இரண்டாம் நாளே தீர்ந்தது. அதன் பிறகு பேரிடர் முன்னேற்பாட்டில் எனக்குப் பெரும் ஈடுபாடு வந்துவிட்டது. அமெரிக்கர்களின் காணொளிகளைப் பார்த்து, பேரிடரில் மூன்று நாட்கள் தாக்குப்பிடிக்கத் தேவையானவற்றை அடக்கிய ‘72 மணி நேரப் பை’ ஒன்றைத் தயாரித்தேன். கத்தி, தீப்பொறிக் கம்பி, திசைகாட்டி, பாராசூட் கயிறு, தண்ணீர் வடிகட்டும் குழல் என்று இதுவரை எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகியிருக்கிறது. “உலகமே அழியும்போது நாம் மட்டும் இருந்து யாரோடு பேசப் போகிறோம்?” என்று என் மனைவி கேட்கிறார்.

முப்பது ஆண்டுகளாக இதில் ஈடுபட்டிருப்பதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். உங்கள் அன்றாடம் எப்படிப்பட்டது? இது பயத்தில் பிறந்த பழக்கமா? தன் வீட்டுக்கென்று சேர்த்துவைப்பது சுயநலம் ஆகாதா? கடைசியாக ஒன்று: எந்த வானொலிப் பெட்டி வாங்கலாம்?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது எண்பதாயிரம் ரூபாய் அல்ல, ‘நான்கு நாட்கள்’ என்ற சொல்தான். உலகம் அழியும் நாளுக்காக நான் எதையும் சேர்த்து வைக்கவில்லை. அந்த நாளில் உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடமும் பதில் கிடையாது. நான் தயாராக இருப்பது மின்சாரம் போன நான்காம் நாளுக்கு. முதல் நாள் பரபரப்பில் போய்விடும், இரண்டாம் நாளை அக்கம்பக்கத்தாரின் உதவியோடு ஓட்டிவிடலாம், மூன்றாம் நாள் யாராவது வருவார்கள் என்று காத்திருப்போம். நான்காம் நாள்தான் கழிப்பறையில் ஊற்றத் தண்ணீர் இல்லாமல், மாத்திரை அட்டையில் இரண்டே வில்லைகள் மிஞ்சி, வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழும் நாள்.

இதை நான் கற்றுக்கொண்டது 2011 டிசம்பர் 30 அன்று கடலூரில். தானே புயல் அன்று காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே பதினைந்து ஆண்டுகளாக நான் இந்தப் பித்துப் பிடித்தவன். உங்களிடம் இப்போது இருப்பவற்றில் முக்கால்வாசி அன்று என்னிடமும் இருந்தது. மொட்டை மாடியில் இருந்த ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி பாதிக்கும் குறைவாகவே நிரம்பியிருந்ததால், காற்று அதை உருட்டிக் கொண்டுபோய் இரண்டு வீடு தள்ளியிருந்த முருங்கை மரத்தின்மேல் போட்டது. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் தண்ணீரும் போகும் என்ற எளிய உண்மை, ஆறு விதமான முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்த எனக்கு அன்றுவரை உறைத்ததில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய அடிபம்பு இருந்தது. பல மாதங்களாக யாரும் தொடாததால் அடித்தால் காற்றுதான் வந்தது. வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி எங்களை விலகச் சொல்லிவிட்டு, தன் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைப் பம்பின் வாயில் மெதுவாக ஊற்றி, சற்று நேரம் பொறுத்து, கைப்பிடியைச் சிறு சிறு அடியாக அடித்தார். உள்ளே காய்ந்து சுருங்கியிருந்த தோல் வாஷர் நனைந்து உப்பிக் குழாயின் சுவரோடு பொருந்தியதும் முதலில் செம்மண் நிறத்தில் ஒரு வாய்த் தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர். அடுத்து வந்த இரண்டு வாரங்களும் அந்தத் தெருவே அதைக் குடித்துத்தான் இருந்தது. மறு ஆண்டு நான் என் வீட்டிலும் ஒரு அடிபம்பு போட்டேன். அதற்கான தோல் வாஷர்கள் இரண்டு எப்போதும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் விளக்கெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன. என்னிடம் உள்ள பேரிடர்க் கருவிகளிலேயே மிகவும் விலை குறைந்ததும் மிகவும் நம்பத்தக்கதும் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மனைவி இன்சுலின் போட்டுக்கொள்பவர். மின்சாரமில்லாத குளிர்பெட்டியில் கிடந்த மருந்துக் குப்பிகளைப் பற்றி மூன்றாம் நாள் இரவுதான் எனக்கு நினைவு வந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை. விடிந்ததும், விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி நான்கு கிலோமீட்டர் நடந்துபோய் ஒரு மருந்துக்கடைக்காரரைக் கேட்டபோது, பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாமல் இருக்கும், மார்கழிக் குளிரில் இதற்கா இவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று சிரித்தார். மருந்தோடு வரும் தாளிலேயே அது அச்சிடப்பட்டிருந்தது. அந்தத் தாளை நான் ஒருமுறையும் படித்ததில்லை. அதே புயல் கோடையில் வந்திருந்தால் கதை வேறு. இப்போது ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானை ஒன்றை வைத்து, மருந்தை அதற்குள் நனையாமல் வைக்கப் பழகியிருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை சித்திரை வெயிலில் வெப்பமானியை உள்ளே வைத்து அளந்தும் பார்க்கிறேன்.

ஆக, நீங்கள் கேட்ட அன்றாடம் பெரும்பாலும் வீட்டு வேலைதான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அடுக்களைப் பரணில் இருப்பதையெல்லாம் இறக்கி, பழையதை முன்னே கொண்டுவந்து புதியதைப் பின்னே வைக்கிறேன். சேமிப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. நாங்கள் சாப்பிடும் அரிசியும் பருப்பும்தான், ஒரு மாதத்துக்குப் பதிலாக இரண்டு மாதத்துக்கு இருக்கும். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து ஆண்டு முழுவதும் வண்டு விழாமல் காத்ததும், வேப்பிலையும் வசம்பும் போட்டு அரிசியைப் பத்திரப்படுத்தியதும் நம் வீட்டுப் பெண்கள் செய்த வேலைகள். அதற்கு யாரும் வீரச்செயல் என்று பெயர் வைக்கவில்லை. ஆண்கள் கையில் எடுத்தபிறகுதான் இது கத்தியும் கயிறும் கொண்ட கலையாகிவிட்டது என்பது என் எண்ணம். அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியது எது என்று தேடிப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். அவல், பொரி, வறுத்த கடலை, வெல்லம், பேரீச்சை ஆகியவை நாலு தெரு தள்ளியுள்ள மளிகைக்கடையில் கிடைக்கின்றன. அவல் ஊறத் தண்ணீர் வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து நாட்களுக்கு 80 லிட்டர் ஆகிறது.

ஆவணி பிறந்ததும் வேலை சற்றுக் கூடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மொட்டை மாடியின் வடிகுழாய்களில் கிடக்கும் சருகுகளை வாருவது, மின்கம்பியை உரசும் கிளைகளைக் கழிப்பது, வீட்டுப் பத்திரத்தையும் சான்றிதழ்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே ஏற்றுவது எல்லாம் அப்போதுதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் நனைந்துபோன சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டிவந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். புயல் சின்னம் உருவானதாகச் செய்தி வந்தால் வீட்டிலுள்ள எல்லாத் தொட்டிகளையும் விளிம்புவரை நிரப்பிவிடுவேன். நிரம்பிய தொட்டி பறக்காது.

எனக்குப் பிடித்தமானது துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. செய்தியில் “3-ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது” என்று கேட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். எண் கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்வதும் முழுச் சரியில்லை. 5, 6, 7 ஆகிய மூன்றும் புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதையும் சொல்கின்றன; 8, 9, 10 அதையே கடும் புயலுக்குச் சொல்கின்றன. கடைசி எண்ணான 11-க்குப் பொருள், வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, துறைமுக அதிகாரி தாமே நிலைமையை ஆபத்தானது என்று கருதுகிறார் என்பது. தகவல் வராமல் போனதையே ஒரு தகவலாகக் கூண்டேற்றிச் சொல்லும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

உரிமம் பெற்ற ஆர்வலர்கள் சொந்தக் கருவிகளால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலியில் நான் ஈடுபட்டதும் அந்தப் பதினொன்றாம் எண்ணால்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, டெல்லியிலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் சென்ற அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று தற்செயலாக அந்தமானில் இருந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகளைக் கொண்டு அவர்கள் அங்கிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்கள். நான் அதன் பிறகு தேர்வெழுதி உரிமம் பெற்றேன். வாரத்தில் இரண்டு மாலைகள் யாராவது ஒருவரோடு பேசிவிடுவேன். பெரும்பாலும் அவரவர் ஊரில் மழை உண்டா என்பதுதான் பேச்சு.

உங்கள் பையைப் பற்றி. அதில் உள்ளவை அமெரிக்காவின் நிலத்துக்கும் தூரத்துக்கும் ஏற்றவை. அங்கே ஒருவர் காரில் ஏறி நூறு மைல் தள்ளிக் காட்டுக்குள் போய்விடுவதைப் பற்றி யோசிக்கலாம். வேளச்சேரியில் நாம் போகக்கூடிய இடம் இரண்டாவது மாடி. தீப்பொறிக் கம்பியால் பற்றவைக்க அங்கே காய்ந்த விறகும் இருக்காது. தண்ணீர் வடிகட்டும் குழல் பாக்டீரியாவைத் தடுக்கும், ஆனால் அந்த வகைக் குழல்களில் பெரும்பாலானவை வைரஸையோ, சாக்கடையோடு கலந்துவந்த எண்ணெயையும் ரசாயனத்தையுமோ தடுப்பதில்லை. ஆகவே தெருவில் நிற்கும் தண்ணீரை அதைக் கொண்டு உறிஞ்சிவிடாதீர்கள். கத்தியையும் கயிற்றையும் நீங்கள் எதற்கென்று வாங்கினீர்களோ தெரியாது. வெள்ளம் வடியும் நாட்களில் நம் ஊரில் வீட்டுக்குள் வரும் விருந்தாளி பாம்பு. கடித்த இடத்தைக் கத்தியால் கீறுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் செய்யவே கூடாத இரண்டு காரியங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கையையோ காலையோ அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி. அங்கே கிடைக்கும் நச்சுமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. அதற்கான நஞ்சை பாம்பு பிடிப்பதில் தேர்ந்த பழங்குடியினரான இருளர்கள் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் எடுத்துக் கொடுக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

பயம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். தொடக்கத்தில் உண்டு. இப்போது அது காலையில் பால் வாங்குவதைப் போல ஆகிவிட்டது. பயம் தணியாதவர்கள் வாங்கிக்கொண்டே இருப்பார்கள் என்பதை மட்டும் கவனித்திருக்கிறேன்.

சுயநலம் பற்றிய கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நீளும். 2023 டிசம்பர் மூன்றாம் வாரம் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. மீட்புக் குழுவினர் வந்து சேரும்வரை அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பக்கத்துக் கிராமத்து மக்கள். அவர்களில் ஒருவர் வீட்டிலும் 72 மணி நேரப் பை இருந்திருக்காது. ஆனால் அத்தனை பேருக்கு வடிக்க அரிசி இருந்தது, பெரிய பாத்திரம் இருந்தது, அதை அடுப்பில் ஏற்றத் தெரிந்த கைகள் இருந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் முதலில் செய்தது, எங்கள் தெருக்கோடிக் கோயிலில் அன்னதானத்துக்கு வைத்திருக்கும் அண்டாக்களின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தது. மூன்று பேரைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. வெள்ளம் வந்த இரவில் கேட்டிருந்தால் தெரிந்திருக்காது. சேர்த்துவைப்பது சுயநலமா என்பது சேர்த்த பொருளில் இல்லை. என் வீட்டில் ஐந்து நாட்களுக்குத் தண்ணீர் இருந்தால், படகில் வரும் தண்ணீர் கேனுக்கு நான் கை நீட்ட வேண்டியதில்லை. அது கீழ்வீட்டுக் கைக்குழந்தைக்குப் போகும். இந்த அளவுக்கு மேல் அதில் அறம் தேட எனக்கு விருப்பமில்லை.

வானொலிப் பெட்டி: பென்சில் செல் போட்டால் பாடக்கூடியதாக, பண்பலையும் மத்திய அலையும் எடுக்கக்கூடியதாக, உள்ளதிலேயே எளிய ஒன்றை வாங்குங்கள். உள்ளூர்க் கோபுரங்கள் சாய்ந்தாலும் தொலைவிலுள்ள நிலையத்தை மத்திய அலையில் கேட்கலாம் என்பதால் அது அவசியம். செல்களைப் பெட்டிக்குள் போட்டு வைத்துவிடாதீர்கள். தானே புயலன்று நான் எடுத்த வானொலியில் செல் கசிந்து, உள்ளிருந்த சுருள்கம்பிகள் பச்சை பூத்துப்போயிருந்தன. செல்களைத் தனியே ஒரு தாளில் சுற்றி, வாங்கிய மாதத்தை அதன்மேல் எழுதி, பெட்டியோடு ரப்பர் வளையம் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை போட்டுப் பாட்டுக் கேட்டுவிட்டுக் கழற்றிவிடுங்கள்; அதை உங்கள் மனைவியிடமே ஒப்படைத்தாலும் நல்லதுதான்.

அன்புடன்.