அட்டையில் 200 நிமிடம், கதைத்தது 70 நிமிடம்: வெளிநாட்டு அழைப்புக்கு எந்தத் தொலைபேசி அட்டை?

கேள்வி: கோண்டாவிலில் அம்மாவுடன் இருக்கிறேன். அம்மாவுக்கு வயது 78. பட்டன் போன்தான் பாவிக்கிறா. வட்ஸ்அப் பழகச் சொன்னால் மறுக்கிறா. ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா அங்குள்ள தமிழ்க் கடையில் ஐந்து டொலர் தொலைபேசி அட்டை வாங்கி, வாரத்தில் மூன்று தடவை எடுத்துப் பத்துப் பத்து நிமிடம் கதைப்பார். 200 நிமிடம் என்று அட்டையில் போட்டிருந்தும் மூன்று வாரத்துக்குக்கூட அது காணாது. பாரிஸில் இருக்கும் அக்காவுக்கும் இதே பிரச்சினை. எந்த அட்டையை வாங்கச் சொல்வது? நாங்கள் இங்கிருந்து எடுப்பதென்றால் மலிவான வழி ஏதும் உண்டா?

பதில்: அண்ணாவின் அட்டை பழுதான அட்டையாக இருக்க வேண்டியதில்லை, அவர் கதைக்கும் முறைக்குப் பொருந்தாத அட்டையாக இருக்கலாம். அட்டையின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் நிமிடக் கணக்கு, முழுப் பணத்தையும் ஒரே அழைப்பில், இடையில் வைக்காமல் கதைத்து முடிப்பவருக்கு மட்டுமே ஏறத்தாழப் பொருந்தும். பின்புறத்தில் கண்ணைச் சுருக்கி வாசிக்க வேண்டிய அளவில் அச்சிடப்பட்டிருக்கும் மூன்று விடயங்கள்தான் உண்மையான விலையைத் தீர்மானிக்கின்றன: ஒவ்வொரு அழைப்புக்கும் கழிக்கப்படும் இணைப்புக் கட்டணம், நிமிடங்களை எத்தனையாக முழுமையாக்கிக் கணக்கிடுகிறார்கள் என்பது, பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் வாராவாரம் கழியும் பராமரிப்புக் கட்டணம்.

கணக்குக்காக ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். விலை ஐந்து டொலர், நிமிடத்துக்கு இரண்டரைச் சதம். ஆகவே முகப்பில் 200 நிமிடம். இணைப்புக் கட்டணம் 25 சதம், மூன்று நிமிடத் துண்டுகளாகக் கணக்கு, வாரத்துக்கு 50 சதம் பராமரிப்பு என்று வையுங்கள். அண்ணா பத்து நிமிடம் கதைத்தால் அது பன்னிரண்டு நிமிடமாகக் கணக்கிடப்பட்டு 30 சதம் கழியும். இணைப்புக் கட்டணத்தையும் சேர்த்தால் ஓர் அழைப்புக்கு 55 சதம். வாரத்தில் மூன்று அழைப்புக்கு 1 டொலர் 65 சதமும், பராமரிப்புக்கு 50 சதமும் போனால், இரண்டு வாரத்தில் 4 டொலர் 30 சதம் முடிந்துவிடும். மிஞ்சும் 70 சதத்தில் இன்னும் ஓர் அழைப்புத்தான். மொத்தம் ஏழு அழைப்பு, 70 நிமிடம்.

இனி, கடையில் அதன் பக்கத்தில் தொங்கும் இன்னொரு அட்டையைப் பாருங்கள். அதுவும் ஐந்து டொலர்தான், ஆனால் நிமிடத்துக்கு நான்கு சதம். முகப்பில் வெறும் 125 நிமிடம் என்று இருப்பதால் எவரும் அதைக் கையில் எடுப்பதில்லை. இணைப்புக் கட்டணமும் பராமரிப்பும் இல்லாமல், ஒவ்வொரு நிமிடமாகக் கணக்கிடும் அட்டையாக அது இருந்தால், பத்து நிமிடப்படி பன்னிரண்டு அழைப்பு எடுத்த பிறகும் 20 சதம் மிச்சமிருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் ஒரே அமர்வில் மூன்று மணிநேரம் கதைத்துத் தீர்க்கும் குடும்பத்துக்கு முதலாவது அட்டைதான் இலாபம். அவர்களுக்கு அதே ஐந்து டொலரில் 189 நிமிடம் கிடைக்கும். உங்கள் வீட்டில் அழைப்புகள் குறுகியவை, அடிக்கடி வருபவை. எனவே இணைப்புக் கட்டணம் இல்லாத அட்டையையே அண்ணா தேட வேண்டும். நிமிட விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

எந்தப் பெயருள்ள அட்டை என்று நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஒரே நிறுவனம் வெவ்வேறு படங்களோடு பல அட்டைகளை வெளியிடுவதும், நன்றாக விலைபோன அட்டையின் கட்டணத்தைச் சில மாதங்களில் சத்தமில்லாமல் உயர்த்துவதும் இந்த வியாபாரத்தில் வழமை. ஆகவே பெயரை நம்பாமல் சோதித்துப் பார்ப்பதே நல்லது. மிகக் குறைந்த விலை அட்டை ஒன்றை வாங்கி, இரகசிய எண்ணை மறைக்கும் சுரண்டும் பூச்சு முன்பே சுரண்டப்படவில்லை என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொண்டு, முதல் அழைப்பில் இயந்திரக் குரல் சொல்லும் மீதித் தொகையை எழுதி வைக்கச் சொல்லுங்கள். குரல் நிமிடத்தை மட்டும் சொன்னால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். தேவை காசுக் கணக்கு. மணிக்கூட்டைப் பார்த்துச் சரியாகப் பத்து நிமிடம் கதைத்துவிட்டு வைத்து, மீண்டும் எடுத்து மீதியைக் கேட்டால் இணைப்புக் கட்டணமும் நிமிடத் துண்டும் சேர்ந்து ஓர் அழைப்புக்கு எவ்வளவு கழிகிறது என்பது வெளிச்சமாகிவிடும். பின்னர் ஒரு வாரம் தொடாமல் விட்டு இன்னொரு தடவை கேட்டால், பராமரிப்பு என்ற பெயரில் எவ்வளவு போகிறது என்பதும் தெரியும். காலாவதித் திகதி பெரும்பாலும் முதல் அழைப்பிலிருந்தே எண்ணப்படுவதால், மலிவு என்று ஐந்தாறு அட்டைகளை வாங்கினாலும் ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

அட்டைக்குள் நுழைவதற்கு அழைக்கும் எண்ணிலும் காசு போகும். கட்டணமில்லா 1800 வகை எண்ணால் நுழைந்தால் அந்த அழைப்புக்கான செலவை அட்டை நிறுவனம் ஏற்க வேண்டியிருப்பதால், நிமிட விலையைக் கூட்டி அதை உங்களிடமே அறவிடுவார்கள். அண்ணாவின் கைத்தொலைபேசித் திட்டத்தில் உள்ளூர் அழைப்புகள் வரையறையின்றி இருந்தால், 416 அல்லது 647 என்று தொடங்கும் ரொறன்ரோ எண்ணால் நுழைவதே மலிவு. அக்கா 01 அல்லது 09 என்று தொடங்கும் எண்ணைத் தெரிவு செய்யலாம். பிரான்ஸில் 08 எண்களில் சில இலவசம், சிலவற்றுக்கு மேலதிகக் கட்டணம். லண்டனில் இருப்பவர்களும் 084, 087 எண்களைத் தவிர்த்து 020 எண்ணைப் பாவிப்பது நல்லது. இப்போது பல நிறுவனங்கள் இரகசிய எண்ணே கேட்காமல், பதிவுசெய்த கைத்தொலைபேசியை அடையாளம் கண்டு இணைக்கின்றன; ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு இலக்கங்களை அழுத்தத் தேவையில்லை. ஆனால் வங்கி அட்டையிலிருந்து தானாகவே மீள்நிரப்பும் வசதியை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

எண்ணை அழுத்தும்போது இலங்கைக்கான 94க்குப் பின், யாழ்ப்பாணத்துக்கான 021இல் உள்ள சுழியத்தை விட்டு, 94 21 என்று தொடர வேண்டும். அம்மாவின் எண் 077 என்றால் 94 77. அட்டையில் இலங்கை என்று ஒரே விலை போட்டிருந்தாலும், வீட்டுத் தொலைபேசிக்கும் கைத்தொலைபேசிக்கும் வேறு வேறு விலையா என்பதைக் கேட்டறிய வேண்டும். முகப்பில் வருவது பெரும்பாலும் இரண்டில் மலிவானது.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அண்ணா எடுக்கும்போது அம்மாவின் திரையில் கனடா எண் வராமல், யாரோ ஒருவருடைய 07 எண் வருகிறதா? அப்படியானால் அந்த அட்டை நிறுவனம், முறையான சர்வதேச வழிக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்தைத் தவிர்க்க, இணையம் வழியாகக் கொண்டுவந்த குரலை இங்குள்ள சாதாரண சிம் அட்டைகள் செருகிய பெட்டி ஒன்றினால் உள்ளூர் அழைப்பாக மாற்றி விடுகிறது என்று சந்தேகிக்கலாம். இது சட்டவிரோதம். குரல் பிந்தி வருவதும், பேச்சு நடுவில் அறுவதும், திரையில் கண்ட எண்ணுக்குத் திரும்ப எடுத்தால் ஒருவரும் பேசாமல் இருப்பதும் இதன் அடையாளங்கள். அம்மாவின் போன் மணியே அடிக்காதபோது அண்ணாவின் அட்டையில் காசு கழிந்திருந்தால் அந்த அட்டையை விட்டுவிடுவதே மேல். முறைப்பாடு செய்து காசு திரும்பி வந்தவர்கள் குறைவு.

இனி இங்கிருந்து எடுப்பது பற்றி. உங்கள் இணைப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, கனடாவுக்கும் பிரான்ஸுக்கும் நிமிடத்துக்கு வரியுடன் எவ்வளவு, வெளிநாட்டு அழைப்புப் பொதி ஏதும் உண்டா என்று கேளுங்கள். கனடாவில் கைத்தொலைபேசிக்கும் வீட்டுத் தொலைபேசிக்கும் ஒரே வகை எண்கள் என்பதால் விலையும் பெரும்பாலும் ஒன்றே. பிரான்ஸிலோ 06, 07 என்று தொடங்கும் கைத்தொலைபேசிகளுக்குக் கட்டணம் பல இடங்களில் கூட. ஆகவே அக்காவிடம் வீட்டு எண் இருந்தால் அதற்கே எடுங்கள்.

உங்களிடம் இணையமுள்ள கைத்தொலைபேசி இருந்தால், வைபர் அவுட் போன்ற செயலியில் பணம் போட்டுச் சாதாரண எண்ணுக்கு அழைக்கலாம். அண்ணாவும் அங்கிருந்து அம்மாவின் பட்டன் போனுக்கு அவ்வாறே எடுக்கலாம், விலையை அட்டையோடு ஒப்பிட்ட பின். முன்பு இதற்குப் பலர் பாவித்த ஸ்கைப் 2025 மே 5ஆம் திகதி நிறுத்தப்பட்டுவிட்டது. உண்மையில் எல்லாவற்றிலும் மலிவு, அண்ணா எடுக்கும் நேரத்தில் நீங்கள் உங்கள் போனில் வட்ஸ்அப்பை எடுத்து அம்மாவின் கையில் கொடுப்பதுதான். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்துக்கு மட்டும் அட்டை இருந்தால் போதும்.

அம்மாவுக்கு ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு தடவை மணி அடித்து நின்றால், பிள்ளைகள் என்று நினைத்துத் திருப்பி எடுக்கக் கூடாது. நிமிடக் கட்டணம் மிக உயர்ந்த எண்களுக்கு ஆட்களை இழுக்கும் மோசடி அது. பிள்ளைகள் என்றால் இன்னொரு தடவை எடுப்பார்கள்.