சமூகவியல் படித்தவர் பல்கலைக்கழகத்தின் தலைமைக்கு வர முடியுமா?

நாகர்கோவிலில் பி.ஏ. சமூகவியல் படிக்கும் தம்பி ஒருவர், "வாத்தியார் வேலைக்கு மேல இதுல என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தார்.

பிரிட்டன் சமூகவியலாளர் ஆந்தனி கிடன்ஸைப் பாருங்க தம்பி. அப்பா லண்டன் போக்குவரத்துத் துறை ஊழியர். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் இவர்தான். ஹல் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் (எல்.எஸ்.இ.) எம்.ஏ. படித்தார். ஆய்வுத் தலைப்பு என்ன தெரியுமா? விளையாட்டும் சமூகமும்! நம்ம வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். 1961இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்; 1969இல் கேம்பிரிட்ஜ். அங்கே பேராசிரியர் ஆவதற்கு 1987 வரை, பதினெட்டு வருஷம் காத்துக் கிடந்தார். நடுவில் 1984இல் வந்த புத்தகம்தான் அவருடைய கட்டமைவாக்கக் கோட்பாட்டை, அதாவது சமூக அமைப்பு மனிதரை உருவாக்குகிறது, மனிதரும் அந்த அமைப்பை உருவாக்குகிறார்கள் என்ற கருத்தை, நிலைநிறுத்தியது. 1997இல், தான் மாணவராக இருந்த அதே எல்.எஸ்.இ.க்குத் தலைவரான இயக்குநர், 2003 வரை. அந்த நாற்காலியில் 1974–84இல் இருந்த டாரன்டார்ஃபும் சமூகவியலாளர்தான்.

இங்கே துணைவேந்தர் ஆவதற்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, பேராசிரியராகவோ, பெயர்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக அமைப்பிலோ பத்து வருஷ அனுபவம் வேண்டும். இன்ன பாடம் என்று நிபந்தனை இல்லை. அதெல்லாம் பிறகு. இப்போதைக்கு, சமூகத்தைக் கவனிக்கப் பழக, ஒருநாள் விடியக்காலம் குளச்சல் கடற்கரைக்குப் போய், மீன் ஏலத்தில் யார் விலை சொல்கிறார், யார் வாய் திறக்காமல் நிற்கிறார் என்று நோட்டில் எழுதிட்டு வாங்க.